‘தி லெப்பர்ட்’ நாவலின் உத்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய எழுத்தாளர் ஜுசெப்பே தொமாசி தி லாம்பெதூசா எழுதிய ‘இல் கத்தோபார்தோ’, நம்மில் பலருக்கு ‘தி லெப்பர்ட்’ என்ற ஆங்கிலப் பெயரில் அறிமுகமான நாவல். சரிந்துகொண்டிருக்கும் ஒரு பிரபுக் குடும்பத்தின் கதை. படித்தவர்கள், பாதியில் நிற்பவர்கள், பாடத்துக்காகப் படிப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு வரலாம். ஆனால் இந்த நாவலே தன் பாத்திரங்களின் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடும் பழக்கம் உள்ளதுதான்.

கதையை இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

இரண்டு வரி போதாது. 1860 மே மாதம். சிசிலித் தீவை ஆளும் போர்பன் அரசு ஆட்டம் கண்டிருக்கிறது. இத்தாலியை ஒரே நாடாக்கக் கிளம்பிய கரிபால்டி, ஏறத்தாழ ஆயிரம் பேரோடு மர்சாலாவில் வந்து இறங்குகிறார். பலெர்மோவில் வாழும் சலீனா பிரபு டான் ஃபப்ரீத்சியோவுக்கு வானியலில் ஈடுபாடு, நிலபுலன் கணக்கில் அலுப்பு. அவருடைய அக்கறைக்குரிய மருமகன், அதாவது சகோதரி மகன், தன்க்ரேதியிடம் பட்டம் உண்டு, பணம் இல்லை. அவன் கரிபால்டியின் பக்கம் சேர்கிறான். அப்புறம், பிரபுவின் கிராமமான டொன்னஃபுகத்தாவின் மேயரும் புதுப்பணக்காரருமான டான் கலோஜெரோ செதாராவின் மகள் ஆஞ்செலிக்காவை மணக்கிறான். அவனை விரும்பியிருந்த பிரபுவின் மகள் கொன்சேத்தா கடைசிவரை மணமாகாமலே இருந்துவிடுகிறாள். 1883இல் பிரபு இறக்கிறார். 1910இல் முதுமையடைந்த மூன்று மகள்களோடு நாவல் முடிகிறது.

லாம்பெதூசாவும் (1896–1957) ஒரு பிரபுதான். வானியலில் ஈடுபட்ட அவருடைய கொள்ளுத் தாத்தாவின் சாயல் கதாநாயகனிடம் உண்டு. பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய நிலையில் 1957 ஜூலையில் அவர் இறந்துபோனார். 1958இல் ஃபெல்த்ரினெல்லி பதிப்பகம் வெளியிட்டது. 1959இல் இத்தாலியின் முக்கிய இலக்கிய விருதான ஸ்ட்ரேகா கிடைத்தது.

வரலாற்று நாவல் என்கிறீர்கள். போர் எங்கே?

வெளியே நடக்கிறது. நாம் வீட்டுக்குள் இருக்கிறோம்.

இதுதான் நாவலின் அடிப்படை உத்தி. கரிபால்டி ஒரு காட்சியிலும் நேரில் வருவதில்லை. மர்சாலாவில் படை இறங்கியது வீட்டுக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. போரின் ஒரே உடல், பிரபுவின் தோட்டத்தில் எலுமிச்சை மரத்தடியில் கிடந்த அரச படைவீரனின் பிணம். அதுவும் சில வாரங்களுக்கு முன் நடந்தது. பூக்களின் மணத்தோடு அழுகல் நாற்றம் கலந்து வந்தபோதுதான் அப்படி ஒருவன் அங்கே வந்து தனியாகச் செத்திருப்பது வீட்டாருக்குத் தெரிந்தது. பிரபுவின் நினைவில் அந்த நாற்றம் தங்கிவிடுகிறது.

1862 நவம்பரில் நடக்கும் நடன விருந்திலும் இதே கதைதான். அதே ஆண்டு ஆகஸ்டில் தென் இத்தாலியின் அஸ்ப்ரொமோந்தேயில், புதிய இத்தாலிய அரசே அனுப்பிய படையோடு மோதியதில் கரிபால்டி காயப்பட்டார். அந்த மோதலில் அரசுப் படையை நடத்திய கர்னல் பல்லவிச்சீனோ அந்த விருந்துக்கு வருகிறார். பெண்கள் சூழ நின்று நடந்ததை விவரிக்கிறார். தேசத்தையே உலுக்கிய சம்பவம் விருந்தாளி ஒருவரின் பெருமைப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. வரலாற்றை இப்படிச் சாப்பாட்டு மேசைக்கு இறக்கிக் காட்டுவதில்தான் லாம்பெதூசாவின் குறும்பு இருக்கிறது.

1860களில் நடக்கும் கதையில் 1943 குண்டுவீச்சு எப்படி வந்தது?

பலரும் திடுக்கிடும் இடம் இது. அதே நடன விருந்து. கூரையில் தீட்டிய கடவுளர் ஓவியங்கள் கீழே ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. தங்களுக்கு அழிவே இல்லை என்று அவை நம்பிக்கொண்டிருந்ததாகவும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செய்த ஒரு குண்டு 1943இல் அதைப் பொய்யாக்கும் என்றும் கதைசொல்லி போகிறபோக்கில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

வழக்கமான வரலாற்று நாவலில் கதைசொல்லி அந்தக் காலத்துக்குள் ஒளிந்துகொள்வார். இவர் 1950களில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார், அதை மறைப்பதும் இல்லை. அதனால் ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு காலம் ஓடுகிறது. பாத்திரங்கள் வாழும் காலம் ஒன்று. அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த காலம் இன்னொன்று. பலெர்மோவில் இருந்த லாம்பெதூசாவின் சொந்த மாளிகையே 1943 ஏப்ரலில் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்தது. அது தெரிந்தபின் அந்த வாக்கியத்தின் கிண்டல் வேறு மாதிரி ஒலிக்கும்.

காதல் காட்சிகளிலும் இதே கத்தியை வீசுகிறார். தன்க்ரேதியும் ஆஞ்செலிக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஆடும்போது, கல்லறையையும் விஷத்தையும் மறைத்துவிட்டு ரோமியோ ஜூலியட் வேடம் கொடுக்கப்பட்ட நடிகர்கள் போல இருந்தார்கள் என்கிறார். டொன்னஃபுகத்தா மாளிகையின் பூட்டிக் கிடக்கும் அறைகளில் அவர்கள் ஓடிப்பிடித்துத் திரியும் நாட்களை அவ்வளவு ஆசையாக வருணித்துவிட்டு, அவர்கள் வாழ்க்கையின் நல்ல நாட்கள் அவைதான், திருமணம் சரியாக அமையவில்லை என்று அங்கேயே போட்டு உடைக்கிறார். ‘அடுத்து என்ன?’ என்ற ஆர்வத்தை அவரே கொன்றுவிடுகிறார். பதிலுக்கு நமக்குக் கிடைப்பது, தெரிந்துகொண்டே பார்க்கும் வலி. என்னைக் கேட்டால் இந்த நாவலில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் உத்தி இதுதான்.

முரண்நகைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்.

டான் கலோஜெரோவின் வால்கோட்டு, அதாவது மாலை விருந்துகளுக்கு அணியும், பின்பக்கம் வால்போல் நீண்ட மேலங்கி.

கோடையில் குடும்பம் டொன்னஃபுகத்தாவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். அவர்களிடம் மாலை விருந்துக்கான உடை இருக்காது. அதனால் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பிரபு வேண்டுமென்றே சாதாரண உடையில் இருப்பார். இது பெருந்தன்மை. கூடவே, ‘உங்களிடம் இல்லாதது எங்களிடம் இருக்கிறது’ என்று காட்டும் வழியும்கூட. அன்று மாலை அவருடைய மகன் ஓடிவந்து, டான் கலோஜெரோ மாடிப்படி ஏறி வருகிறார், வால்கோட்டு போட்டிருக்கிறார் என்கிறான். மர்சாலாவில் படை இறங்கிய செய்தியைவிட இது பிரபுவை அதிகம் தாக்கியதாக நாவல் சொல்கிறது. முதலில் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் அது சரியான கணிப்பு என்று புரியும். அரசர்கள் மாறுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. தன் வீட்டு மாடிப்படியில் தன்னைவிட நன்றாக உடுத்திக்கொண்டு தன் கிராமத்து ஆள் ஒருவர் ஏறி வருவதுதான் புதிது.

அங்கேயும் நிறுத்தவில்லை. ஆள் உள்ளே வந்ததும் பிரபுவுக்குக் கொஞ்சம் ஆறுதல்: துணி நல்ல துணி, தையல் படுமோசம். ஒரே பத்தியில் புரட்சி வந்து, சிரிப்பாகி, மறுபடி மேட்டிமையில் போய் ஒளிந்துகொள்கிறது. பிரபுவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், பிரபுவோடு சேர்ந்தும் சிரிக்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யவைப்பதுதான் இந்த நாவலின் முரண்நகை.

எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வாக்கியம்தானே நாவலின் சாரம்?

இல்லை என்பதுதான் என் கட்சி.

‘எல்லாம் இப்படியே இருக்க வேண்டுமானால், எல்லாம் மாறியாக வேண்டும்.’ இத்தாலியில் ஆளும் கூட்டம் நிறம் மாறித் தப்பிப்பதைக் குறிக்கும் அரசியல் சொல்லே இந்த நாவலின் பெயரிலிருந்து பிறந்துவிட்டது. ஆனால் இதைச் சொல்வது யார், எப்போது என்று பாருங்கள். சொல்வது தன்க்ரேதி. முதல் பகுதி, பிரபு முகம் மழித்துக்கொண்டிருக்கும் நேரம். மருமகனின் முகம் அவருக்கு முதலில் கண்ணாடியில்தான் தெரிகிறது. கலகக்காரர்களோடு சேரப்போகும் இளைஞன், தன் காரியம் நடக்க, மாமாவைச் சமாதானப்படுத்தச் சொல்லும் சாமர்த்தியமான வாதம் அது. ஆசிரியர் அதைப் பாத்திரத்தின் வாயில்தான் வைக்கிறார்.

மிச்சமுள்ள பகுதிகள் எல்லாம் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கின்றன. தன்க்ரேதிக்கு அது பலித்தது, அரசியலில் மேலே போகிறான். சலீனா குடும்பத்துக்குப் பலிக்கவில்லை. மரணப் படுக்கையில் பிரபு தானே ஒப்புக்கொள்கிறார்: கடைசி சலீனா நான்தான், என்ன இருந்தாலும் அந்தக் கரிபால்டி ஜெயித்துவிட்டான். பேரன் இருக்கிறானே என்றால், அவனுடைய நினைவுகள் அவன் பள்ளித் தோழர்களின் நினைவுகளைப் போலவே சாதாரணமாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. குடும்பம் என்பது அவரைப் பொறுத்தவரை நினைவுகளின் சேமிப்பு. அது தீர்ந்துவிட்டது. முதல் பகுதியின் சாமர்த்தியத்துக்கு ஏழாம் பகுதி சொல்லும் பதில் இது. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதுவரை போவதில்லை.

வாக்கெடுப்புக் காட்சி ஏன் அவ்வளவு விரிவாக இருக்கிறது?

1860 அக்டோபர் 21 அன்று, புதிய இத்தாலிய அரசோடு இணைவதா என்று சிசிலியில் வாக்கெடுப்பு நடந்தது. வரலாற்றில் பதிவான கணக்கு: ஆம் 4,32,053, இல்லை 667. இந்த நம்பமுடியாத கணக்கை லாம்பெதூசா ஒரு கிராமத்துக்குள் கொண்டுவருகிறார். டொன்னஃபுகத்தாவில் பதிவானவர்கள் 515, வாக்களித்தவர்கள் 512, ஆம் 512, இல்லை சுழி. மேயர் மாடத்தில் நின்று முடிவை வாசிக்க வரும்போது காற்றடித்து மெழுகுவத்திகள் அணைந்துவிடுகின்றன. புதிய தேசத்தின் பிறப்பு இருட்டில் அறிவிக்கப்படுகிறது.

பிறகு வேட்டைக்குப் போகும்போது, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சிச்சோ துமேயோ பிரபுவிடம் பொருமுகிறார்: நான் ‘இல்லை’ என்றல்லவா போட்டேன்! அங்கேதான் பிரபுவுக்குப் புரிகிறது, நேர்மையான நம்பிக்கை என்ற குழந்தையைப் பிறந்த கையோடு கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று. கவனியுங்கள், பிரபு போட்டது ‘ஆம்’. கேட்டவர்களுக்கும் அதையே சொன்னார். உண்மையாக வாக்களித்தவர் கீழ்நிலையில் உள்ள அந்த இசைக்காரர் ஒருவர்தான்.

பென்திகோ என்ற நாய்க்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

லாம்பெதூசாவே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த நாய் மிக முக்கியமான பாத்திரம், ஏறக்குறைய நாவலின் சாவி என்று குறிப்பிட்டிருக்கிறார். நாய்தானே என்று தாண்டிப் போக முடியாது.

முதல் பகுதியில் பூச்செடிகளைத் தோண்டித் துவம்சம் செய்யும் உற்சாகமான கிரேட் டேன் அது. பிரபுவிடம் எதையும் எதிர்பார்க்காமல் அன்பு காட்டும் உயிர் அது ஒன்றுதான். அடுத்த பகுதிகளில் அங்கங்கே வாலாட்டிக்கொண்டு வரும். கடைசிப் பகுதி, 1910: செத்து நாற்பத்தைந்து ஆண்டு ஆன பென்திகோ பாடம் செய்யப்பட்டு கொன்சேத்தாவின் அறையில் நிற்கிறது. அந்துப்பூச்சியும் ஒட்டடையும் அரித்த தோல் பொம்மை. அவளுக்கு வேதனை தராத பழைய பொருள் அது மட்டும்தான், அதனால் வைத்திருந்தாள். ஒருநாள் திடீரென்று அதையும் தூக்கி எறியச் சொல்கிறாள்.

ஜன்னல் வழியாக அது குப்பைமேட்டுக்கு விழும்போது, ஒரு கணம் காற்றில் அதன் வடிவம் திரும்புகிறது. நீண்ட மீசை, நடனமாடும் நாற்கால் உருவம், சாபமிடுவது போல் தூக்கிய முன்னங்கால். அது குடும்பச் சின்னத்தில் இருக்கும் சிறுத்தை. நாவல் முழுக்கக் கல்லிலும் மண்டபத்திலும் கம்பீரமாக நின்ற சின்னம் ஒரே ஒரு தடவை உயிரோடு அசைகிறது, அதுவும் குப்பையாகப் போகும் வழியில். இரண்டு குறியீடுகள், ஒன்று பாசத்தின் நாய், மற்றது அதிகாரத்தின் சிறுத்தை, அங்கே ஒன்றாகின்றன. ‘வம்சம் அழிந்தது’ என்று ஒரு சொல்லும் எழுதாமல் காரியத்தை முடித்துவிட்டார்.

ஐந்தாம் பகுதியைத் தாண்டிவிடலாமா? அது கதையோடு ஒட்டவில்லையே?

தாண்ட வேண்டாம். பிரபுவின் வீட்டுப் பாதிரியார் பிர்ரோனே 1861 பிப்ரவரியில் தன் சொந்த ஊருக்குப் போகிறார். அங்கே பாதி வாதுமைத் தோப்புக்காக உறவில் தகராறு. தங்கை மகள் ஆஞ்செலீனா கல்யாணத்துக்கு முன்பே கருவுற்றிருக்கிறாள். பாதிரியார் பேசிச் சொத்தையும் கல்யாணத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டுத் தீர்க்கிறார். ஆஞ்செலிக்கா, ஆஞ்செலீனா என்ற பெயர் ஒற்றுமையே போதும். பிரபுவின் வீட்டில் பட்டும் வெள்ளிப் பாத்திரமுமாக நடந்த அதே பேரம் இங்கே குடிசையில், பூச்சில்லாமல் நடக்கிறது. மேல்தட்டின் காதல் கதையைக் கீழே கொண்டுவந்து வைத்துக் காட்டும் கேலிப் பிரதி இது. வேகம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிரபு சாகும்போது வரும் அந்தப் பெண் யார்?

மரணம். அல்லது வெள்ளிக் கோள். நாவலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

வானியலாளரான பிரபுவுக்கு மனிதர்களைவிட நட்சத்திரங்கள் மேல். அவை கேட்காது, கணக்குத் தவறாது. நடன விருந்து முடிந்து விடியலில் நடந்து போகும்போது, இறைச்சி வண்டி ஒன்று ரத்தம் சொட்டக் கடந்து போகிறது. வானத்தில் வெள்ளி. அவள் எப்போது எனக்கு நிலையான சந்திப்பு தருவாள் என்று ஏங்குகிறார். அந்தப் பகுதி அங்கே முடிகிறது. அடுத்த பகுதிக்கு இருபது ஆண்டுக்கு மேல் தாவல். பலெர்மோ விடுதி அறையில் கிடக்கும் பிரபு, எழுபத்து மூன்று ஆண்டில் உண்மையாக வாழ்ந்தது இரண்டோ மூன்றோ ஆண்டுதான் என்று கணக்குப் போடுகிறார். அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு பயண உடையில் இளம்பெண் ஒருத்தி வருகிறாள். கேட்ட சந்திப்பு கிடைக்கிறது. பிரபுவின் ஏக்கத்தை மனதில் வைத்திருக்கும் வாசகருக்கு இங்கே விளக்கமே தேவைப்படாது.

கொன்சேத்தாவை ஆசிரியர் கைவிட்டுவிட்டாரா?

அப்படித்தான் தோன்றும். பிரபுவின் கண் வழியாகவே பெரும்பாலும் பார்ப்பதால், அவள் விறைப்பான, அடக்கமான பெண்ணாக ஓரத்தில் நிற்கிறாள். வால்கோட்டு வந்த அந்த முதல் விருந்தில் தன்க்ரேதி, சண்டையின்போது கன்னிமாடம் ஒன்றில் புகுந்த கதையைக் கொச்சையான நகைச்சுவையோடு சொல்கிறான். கொன்சேத்தா கோபித்துக் கண்டிக்கிறாள். அன்றோடு அவர்களுக்குள் இருந்தது முறிகிறது.

ஐம்பது ஆண்டு கழித்து, தன்க்ரேதியின் பழைய நண்பரான செனட்டர் தஸ்ஸோனி அவளைப் பார்க்க வருகிறார். அந்தக் கதை கட்டுக்கதை, சொன்னதற்காக அவனே பின்னால் வருந்தினான் என்கிறார். அவள் இவ்வளவு காலம் அப்பாவையும் தன்க்ரேதியையும் குற்றம் சொல்லி வாழ்ந்தாள். இப்போது அந்த வெறுப்புக்கும் பிடிமானம் இல்லை. பின்னால் வந்த ஒரு தகவல் முன்னால் நடந்த எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறது. திரும்பிப்போய் அந்த விருந்துக் காட்சியைப் படியுங்கள், வேறு காட்சியாக இருக்கும். பிரபு கவனிக்காததை நாமும் கவனிக்காமல் விட்டிருப்போம்.

சிசிலி தூங்குகிறது என்று பிரபு பேசுவது ஆசிரியரின் கருத்துதானே?

பாதி. வட இத்தாலியின் பியட்மாண்டிலிருந்து வரும் அதிகாரி செவாலே, புதிய அரசின் செனட் பதவியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். பிரபு மறுத்து, ஆறு மாத நாற்பது டிகிரி வெயில், ஆண்டாண்டு கால அந்நிய ஆட்சி, சிசிலியர்களின் தூக்க ஆசை என்று நீண்ட பேச்சு பேசுகிறார். அழகான பேச்சு. ஆனால் எதுவும் செய்யாமலிருக்க வசதியான பேச்சும் அதுதான். தன் இடத்துக்கு அவர் சிபாரிசு செய்யும் ஆள் யார் தெரியுமா? டான் கலோஜெரோ. மறுநாள் விடிகாலையில் செவாலே பார்க்கும் தெருவின் வறுமையையும் ஆசிரியர் காட்டிவிடுகிறார். பேச்சையும் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டினால் பிரபுவின் வக்கீலாகிவிடுவோம்.

இடங்கள் உண்மையானவையா?

பலெர்மோ உண்மை. டொன்னஃபுகத்தா கற்பனை ஊர். லாம்பெதூசாவின் குடும்பத்துக்கு உரிய பால்மா தி மொந்தேக்கியாரோ, சாந்தா மார்கெரீத்தா தி பெலீச்சே என்ற இரண்டு ஊர்களைக் கலந்து செய்தது. இரண்டாவது ஊரின் மாளிகை 1968 பெலீச்சே நிலநடுக்கத்தில் பெரிதும் சேதமடைந்தது.

இயக்குநர் விஸ்கோந்தி இந்த நாவலை வைத்து எடுத்த படத்தைப் பார்த்தால் போதுமா?

1963இல் வந்த படம், கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. பர்ட் லங்காஸ்டர் பிரபு, அலன் டெலோன் தன்க்ரேதி, கிளாடியா கார்டினாலே ஆஞ்செலிக்கா. நடன விருந்துக்காகவே பார்க்கலாம். ஆனால் படம் அந்த இரவு முடிந்த விடியலோடு நின்றுவிடுகிறது. 1883 இல்லை, 1910 இல்லை. பிரபுவின் மரணக் கணக்கு, தஸ்ஸோனி சொல்லும் உண்மை, பென்திகோவின் கடைசி வீழ்ச்சி எதுவும் கிடையாது. எதிர்காலம் தெரிந்த அந்தக் கதைசொல்லியும் இல்லை. பிட்ஸ்பர்க் குண்டைக் கேமராவால் காட்ட வழியில்லையே! அதனால் படம் மட்டும் பார்த்தவர்களுக்குத் தன்க்ரேதியின் வாக்கியம்தான் நாவலின் முடிவு என்று தோன்றிவிடுகிறது. பாடத்துக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் படத்தை நம்பி எழுத வேண்டாம். குறைந்தது ஏழாம், எட்டாம் பகுதிகளையாவது புத்தகத்தில் படித்துவிட்டு உட்காருங்கள்.